கிராணியின் மெயில் மட்டும் ரெட்மைனில் ஏறவில்லை

சுங்கை சிப்புட்காரன்: செம்பனை ஆலைக்கு எடைமேடை மென்பொருள் எழுதுகிறோம். வேலையெல்லாம் ரெட்மைன் என்ற பணிப் பதிவு மென்பொருளில். ஆலைக் கிராணிக்கோ (எழுத்தருக்கு) ஈமெயில்தான் உலகம். "லோரி நம்பர் ரெண்டு தடவை விழுது" என்று பதில் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார். ரெட்மைன் டிக்கெட்டில் (அந்த வேலைக்கான பதிவில்) அது ஏறாது. நான்தான் வெட்டி ஒட்டுகிறேன். வழி உண்டா?

பழைய அட்மின்: ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் முறை) வழியாகப் பெட்டியிலிருந்து மெயில் எடுக்கும் கட்டளை நேரத்துக்கு ஓடுகிறதா? ஓடாவிட்டால் ரெட்மைன் எட்டியே பார்க்காது.

சுங்கை சிப்புட்காரன்: ஓடுது அண்ணே. என் மெயில் ஏறுதே.

தெலுக் இந்தான்: அப்போ அனுப்புநர் முகவரிதான். பதியாத முகவரி என்றால் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். சொந்த ஜிமெயிலில் அனுப்புகிறாரோ? ரெட்மைன் 3.0 பதிப்பு முதல் ஒரே கணக்கில் கூடுதல் முகவரியும் சேர்க்கலாம்.

சுங்கை சிப்புட்காரன்: ஜிமெயிலேதான்! சேர்த்தாச்சு, ஏறுது. பழைய மெயிலின் வாலும் சேர்ந்து வருது.

பழைய அட்மின்: அமைப்புகளில் உள்வரும் ஈமெயில் பகுதி இருக்கும். எந்த வரியோடு வெட்டணும் என்று அங்கே எழுதுங்கள்.