முற்றும் போட்ட பிறகும் போகாதவர்கள்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

தறிச்சத்தம்:

வேலம்மாள் இறந்து இன்றோடு இருபது நாள் ஆகிறது. நாவலின் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில், விடியற்காலை நாலரை மணிக்கு, கையில் பாதி சுற்றிய தாரோடு, அதாவது தறிக்கு நூல் சுற்றுகிற சின்னக் குழலோடு, சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டாள். எழுதியவள் நான்தான்.

இரண்டரை வருடம் அவளோடு இருந்தேன். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில் ராட்டையில் தார் சுற்றிப் பிழைக்கிற எழுபத்தொரு வயதுக் கிழவி. வெற்றிலையில் சுண்ணாம்பு ஏறிவிட்டால் அன்று முழுவதும் சிடுசிடுப்பாள். தறியில் பாவு நூல் அறுந்தால் தறிக்காரனைத் திட்டமாட்டாள், நூலைத்தான் திட்டுவாள். வலக்காலில் மெட்டி கிடையாது, அது தொலைந்த கதையும் எனக்குத் தெரியும். இதில் பாதி நாவலில் வரவே இல்லை.

கடைசி வரியை எழுதிவிட்டு அடுப்படிக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அம்மா என்ன என்று கேட்டாள். "வேலம்மாள் போய்விட்டாள்" என்றேன். வாய் தவறி வந்த சொல் இல்லை. அந்த நிமிடத்தில் என்னிடம் வேறு செய்தியே இல்லை.

"எந்த வேலம்மாள்? எப்போது எடுக்கிறார்கள்?"

"உனக்குத் தெரியாதவள் அம்மா."

"தெரியாதவளாக இருந்தால் என்ன? சாவுச் செய்தி கேட்டாயிற்று. தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து காப்பி குடி."

போய்க் குளித்தேன். தலையில் விழுந்த முதல் சொம்புத் தண்ணீரோடு அழுகை வந்துவிட்டது.

'சிவகாமியின் சபதம்' முன்னுரையில் கல்கி, முற்றும் என்று எழுதியபோது பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுமந்த பாரம் இறங்கியது என்று சொல்கிறார். மாமல்லரும் ஆயனரும் சிவகாமியும் நெஞ்சைவிட்டு இறங்கிப் போய்விட்டார்களாம். எனக்கு யாரும் இறங்கவில்லை. இருபது நாளாக ஒரு வரிகூட எழுதவும் முடியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால் சொல்லுங்கள். எப்படி வெளியே வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. நேர்ந்ததா என்று தெரிந்தால் போதும்.

பழைய தொடர்:

அம்மா, எனக்கு நேர்ந்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் முடியவில்லை.

1989இல் ஒரு வார இதழில் தொடர்கதை எழுதினேன். நாற்பது வாரம் என்று பேச்சு. அதில் சபாபதி என்று ஒரு பஸ் கண்டக்டர். மனைவி இல்லை. மாயவரத்தில் கட்டிக்கொடுத்த ஒரே பெண்ணோடு ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தன் பஸ் தினமும் மகள் வீட்டுத் தெருமுனையைத் தாண்டித்தான் போகும், இவர் இறங்கமாட்டார். என்றாவது ஒருநாள் இறங்குவார், அதுதான் கதை. அந்த இறங்குகிற அத்தியாயத்தை முப்பத்தெட்டாம் வாரத்துக்கு வைத்திருந்தேன். மனதில் வரி வரியாகத் தயாராக இருந்தது. அவர் வாங்கிப்போகிற மல்லிகைப்பூ எத்தனை முழம் என்பது உட்பட.

இருபத்தெட்டாம் வாரம் ஆசிரியர் குழுவிலிருந்து கடிதம் வந்தது. புதுத் தொடர் ஒன்று தொடங்குகிறார்கள், இரண்டே வாரத்தில் முடித்துத்தர வேண்டும். முடித்தேன். முக்கியக் கதையை ஒப்பேற்றிவிட்டேன். சபாபதிக்கு இடம் இல்லை. 'சபாபதி வழக்கம்போல விசில் ஊதினார், பஸ் புறப்பட்டது' என்று ஒரே வாக்கியம். அவ்வளவுதான் அந்த மனிதருக்கு நான் கொடுத்தது.

2004 ஐப்பசியில் கும்பகோணத்திலிருந்து ஆடுதுறைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மழை. பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் பின்பக்கத்திலிருந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்தார். முதலில் கையைத்தான் பார்த்தேன். ரூபாய் நோட்டுகளை நீளவாட்டில் மடித்து, பத்து தனி, இருபது தனி, ஐம்பது தனி என்று விரலிடுக்குகளில் செருகியிருந்தார். காதில் பால்பாயிண்ட் பேனா. கட்டைவிரலை உதட்டில் ஒற்றி டிக்கெட்டைக் கிழிக்கும்போது இடது தோளைக் கம்பியில் சாய்த்து நின்றார். பஸ் குலுங்கிய போதும் அந்தத் தோள் அசையவில்லை. எல்லாக் கண்டக்டரும் அப்படித்தான் நிற்பார்கள் என்பீர்கள். இல்லை, அந்தத் தோள் சபாபதியுடையது. நான் எழுதியது.

"எங்கே சார்?"

"மாயவரம்" என்றேன். ஆடுதுறையில் இறங்க வேண்டியவன்.

திருவிடைமருதூர் போனது. ஆடுதுறையும் போனது. ஜன்னல் வழியே கல்யாண மண்டபத்து வாழைமரம்கூடத் தெரிந்தது. குத்தாலம் வந்தபோது கூட்டம் குறைந்து அவர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கணக்கு எழுத ஆரம்பித்தார். நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டே விட்டேன்.

"உங்களுக்குப் பெண் இருக்கிறாளா?"

நிமிர்ந்து பார்த்தார். "இல்லை சார். இரண்டும் பையன்கள். பெரியவன் பாலிடெக்னிக் படிக்கிறான். ஏன் சார், ஏதாவது வரன் விஷயமா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்குமேல் பேச முடியவில்லை. அதுவரை என் மனதின் ஓரத்தில், சபாபதி எங்கேயோ நன்றாக இருப்பார், நான் எழுதாவிட்டாலும் ஒருநாள் இறங்கியிருப்பார் என்று ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது போலும். இவருக்கு இரண்டு பையன்கள். அப்படியானால் அந்தத் தெருமுனையில் இறங்க வேண்டியவர் இன்னும் பஸ்ஸிலேயே நின்றுகொண்டிருக்கிறார். அவருக்கு என்னை விட்டால் நாதி இல்லை.

மாயவரம் பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டே நின்று அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். முகூர்த்தம் முடிந்து பந்தியும் முடிந்திருந்தது. அன்று இரவே ஒரு கோடு போட்ட நோட்டில் முப்பத்தெட்டாம் வாரத்தை எழுதினேன். ஆறு பக்கம். சபாபதி இறங்கினார். பூவை மட்டும் பஸ்ஸிலேயே மறந்துவிட்டார், அது நான் திட்டமிடாதது. நோட்டு அலமாரியில் இருக்கிறது. எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. மழைக்காலம் வந்தால் எடுத்து ஓரிரு வார்த்தை திருத்துவேன்.

வாசிப்பவள்:

நான் எழுதுகிறவள் இல்லை. ஆனால் 'பழைய தொடர்' ஐயா சொன்னதைப் படித்ததும் ஜெயகாந்தனின் கங்கா நினைவுக்கு வந்தாள். 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் அந்தப் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லிவிடுகிறாள். கதை முடிந்தது. ஜெயகாந்தனால் அவளை அங்கேயே விட முடிந்ததா? அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அவள் கதி என்ன என்று 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுதினார். அதற்குப் பிறகும் விடாமல் 'கங்கை எங்கே போகிறாள்' என்று கேட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். பெருமாள்முருகனும் 'மாதொருபாக'னுக்குப் பிறகு இரண்டு நாவல் எழுதினார். ஒன்றில் நாயகன் காளி இறந்துவிடுகிறான், மற்றதில் உயிரோடு இருக்கிறான். ஒரே ஆளுக்கு இரண்டு விதியையும் எழுதிப் பார்க்க எவ்வளவு பிரியம் வேண்டும்! நீங்கள் சபாபதியை இறக்கிவிட்டது சரிதான் ஐயா.

கரிசல்:

எனக்கு நேர்ந்தது வேறு மாதிரி. பாசம் கதையைக் கெடுக்கும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் அத்தை கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் பன்னிரண்டு வயதிலிருந்து குச்சி அடுக்கியவள். அவளை வைத்து ஒரு குறுநாவல் எழுதினேன். பெயரை ராசாத்தி என்று மாற்றினேன். நான்கு முறை எழுதியும் உயிர் வரவில்லை. ராசாத்தி பசியோடு இருந்தால் யாராவது சோறு கொண்டுவந்துவிடுவார்கள், திட்டு விழப்போனால் நான் குறுக்கே நின்றுவிடுவேன். படித்த தோழி ஒருத்தி, "மாலை போட்டு மாட்டிய படம் மாதிரி இருக்கிறாள்" என்றாள். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் சொன்னது உண்மை.

ஐந்தாம் முறை எழுதும்போது ஓரிடத்தில், கணக்குப்பிள்ளை வெளியே போன நேரம், மேஜைமேல் இருந்த சம்பளக் கவர்களில் ஒன்றை ராசாத்தி எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். நான் தடுக்கப் பார்த்தேன். எழுதிய பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் உட்கார்ந்தால் மறுபடியும் எடுத்தாள். விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு கதை ஓட ஆரம்பித்தது.

புத்தகம் வந்ததும் அத்தையிடம் கொடுக்கவே பயமாக இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அந்தக் கவரை நான் எடுக்கவில்லை தெரியுமா?"

"தெரியும் அத்தை. அது நீங்கள் இல்லை. ராசாத்தி."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "மேஜைமேல்தான் இருந்தது. உன் மாமாவுக்கு மருந்து வாங்கக் காசு இல்லாத வாரம். எடுத்திருக்க வேண்டும்" என்றாள்.

இந்தச் சம்பவத்தை அதற்கு முன் அத்தை யாரிடமும் சொன்னதில்லை. நான் கற்பனையாக எழுதியது. இப்போது வீட்டுக்குப் போனால் என்னைப் பற்றி விசாரித்த பிறகு, "அவள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்கிறாள்.

தறிச்சத்தம்:

மூன்று பேருக்கும் நன்றி. ஐயா, உங்கள் பூவை நினைத்து நேற்று வெகுநேரம் தூங்கவில்லை.

நேற்று அம்மா கேட்டாள், "அந்த வேலம்மாளுக்குக் காரியம் எல்லாம் ஆயிற்றா?" என்று. இதற்குமேல் மறைக்கக் கூடாது என்று, அவள் நான் எழுதிய கதையில் வருகிறவள் என்று சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். "படி, கேட்கிறேன்" என்றாள்.

இரண்டு அத்தியாயம் படித்தேன். அம்மா பிறந்தது தறி வீட்டில். சின்ன வயதில் அவளும் தார் சுற்றியிருக்கிறாள். இரண்டாம் அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னாள்.

"ராட்டையை இடது கையால் சுற்றுகிறாள் என்றா எழுதியிருக்கிறாய்? வலது கைதான் சக்கரத்தைச் சுற்றும். இழை இடது கையில் இருக்கும். கிழவிக்கு இது தெரியாமல் போகுமா?"

கையை அந்தரத்தில் சுற்றியே காட்டினாள். வலது கை வட்டம் போட்டது, இடது கை மெல்லப் பின்னுக்கு நகர்ந்தது. அப்படியே வேலம்மாள்.

இருபது நாளுக்குப் பிறகு இன்று காலை கையெழுத்துப் பிரதியைத் திறந்தேன். இடது, வலதை மாற்றி எழுதிவிட்டேன். இன்று இரவு மூன்றாம் அத்தியாயம். முப்பத்தொன்று வர இன்னும் நிறைய நாள் இருக்கிறது.