ரேஸ் ஸ்டார்ட்: லாஞ்ச் கண்ட்ரோல் இருந்தும் இல்லாமலும், உங்கள் அனுபவம் என்ன?

திரியைத் தொடங்கியவர்:
லாஞ்ச் கண்ட்ரோல் இல்லாத 600 சிசி வண்டியில் சில சீசன், அது உள்ள லிட்டர் (1000 சிசி) வண்டியில் சில சீசன் ஓட்டியிருக்கிறேன். "பட்டனை அமுக்கினால் வண்டியே பார்த்துக்கொள்ளும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது பார்த்துக்கொள்வது வலது கையை மட்டும்தான். த்ராட்டிலை முழுக்கத் திருகினாலும் ஆர்பிஎம்மைக் (இன்ஜின் சுழலும் வேகத்தை) குறிப்பிட்ட அளவில் நிறுத்தி வைக்கும், கிளம்பியதும் முன்சக்கரம் தூக்கினால் டார்க்கை, அதாவது இன்ஜினின் திருப்பு விசையை, குறைக்கும். கிளட்சை விடுவது நம் இடது கைதான். பைக் ரேஸின் உச்சமான மோட்டோஜிபியிலும் இதே கதைதான்.

600-இல் குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் கிடையாது, அதனால் 9000 ஆர்பிஎம் பக்கம் பிடித்து வைப்பேன். ஸ்டார்ட் கொடுக்கும் சிவப்பு விளக்கு அணைந்ததும் லீவரைக் கிளட்ச் பிடிக்கும் இடம்வரை சட்டென்று விடலாம். அதற்கு அப்புறம்தான் வேலையே. காதுதான் மீட்டர்: இன்ஜின் சத்தம் இறங்கினால் கை அவசரப்படுகிறது, ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது, இன்னும் கொஞ்சம் விடலாம். வண்டியின் வேகம் இன்ஜினை எட்டிப் பிடிக்கும்வரை லீவரை முழுக்க விடக் கூடாது. அது நாம் நினைப்பதைவிட நீண்ட தூரம். முன்சக்கரம் தூக்கும்போது த்ராட்டிலைப் படாரென்று மூடினால் போச்சு, பின்னால் வருபவர் நம்மேல் ஏறுவார். லீவரை ஒரு நூல் இழுத்தாலே சக்கரம் இறங்கிவிடும். நெஞ்சு டேங்கில், தாடை முன்னால். இடது காலை மட்டும் ஊன்றுவேன், வலது கால் பின் பிரேக்கில் தயாராக இருக்கும்.

லிட்டர் வண்டிக்கு மாறியதும் வலது கைக்கு நிம்மதி. ஆனால் லீவரை விடும் விதம் மாறவே இல்லை.

மெக்கானிக் ஒருவர்:
கிளட்சைத் திறந்து பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விடாமல் ஸ்டார்ட் பழகிய வண்டியில் ஸ்டீல் பிளேட்டுகள் நீலம் பூத்திருக்கும், எண்ணெயில் கருகல் வாடை வரும். சூடேற ஏற கிளட்ச் பிடிக்கும் இடமும் நகரும். காலையில் விரல் மனப்பாடம் செய்த இடம் மதியம் இருக்காது. இரண்டு ஸ்டார்ட் பழகினால் ஒரு சுற்று ஓடி ஆறவிடுங்கள். லீவர் பிளேயையும் (லீவரின் தளர்வு) வண்டி நன்றாகச் சூடான பிறகு சரிபாருங்கள், ஆறிய வண்டியில் வைத்த அளவு கிரிட்டில், அதாவது ஸ்டார்ட்டுக்கு வரிசையாக நிற்கும் இடத்தில், பொய் சொல்லும்.

மார்ஷலாக (தடத்தின் பாதுகாப்புப் பணியாளராக) நிற்பவர்:
நான் பார்ப்பது வேறு பக்கம். மோட்டோஜிபியில் சிவப்பு விளக்கு 2 முதல் 5 விநாடிவரை எரியும், எப்போது அணையும் என்று கணிக்க முடியாது. கணிக்கப் பார்ப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். இன்னொரு வகை, பக்கத்து வண்டி அசைந்ததும் தானும் அசைபவர். சக்கரம் சற்றே உருண்டாலும் கணக்கில் வரும்: 2019 அர்ஜென்டினா மோட்டோஜிபியில் கால் கிரட்ச்லோ என்ற ரைடர் அசைந்தது கண்ணுக்கே சரியாகத் தெரியாது, ஆனாலும் ரைட்-த்ரூ தண்டனை (ரேஸ் நடுவே பிட் லேன் வழியாக மெதுவாகப் போய்வருவது) வாங்கினார். அதற்கு முந்தைய ஆண்டு அதே தடத்தில் இன்னொரு ரைடர் மார்க் மார்க்கெஸுக்கு கிரிட்டிலேயே இன்ஜின் நின்றது. தள்ளி உயிர்ப்பித்து, எதிர்த்திசையில் தன் இடத்துக்குத் திரும்பினார். அவருக்கும் ரைட்-த்ரூ. எவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் இருந்து என்ன!

மோட்டோகிராஸ் ஓட்டுபவர்:
ஹோல்ஷாட் கருவியை யாரும் சொல்லவில்லையே? எங்களுக்கு அது பழைய சமாச்சாரம். ஃபோர்க்கை (முன் சஸ்பென்ஷனை) அழுத்தி ஒரு பின்னில் மாட்டிவிடுவோம், முன்பக்கம் தாழ்ந்து நிற்பதால் வீலி (முன்சக்கரம் தூக்குவது) குறையும். முதல் திருப்பத்தில் பிரேக் பிடித்து ஃபோர்க் இன்னும் அழுந்தியதும் தானாகக் கழன்றுகொள்ளும். ஒரு சிப் கூட இல்லை. 2018-இல் டுகாட்டி அணி இந்த யோசனையை மோட்டோஜிபியில் பின்பக்கத்துக்குக் கொண்டுபோனது, பிறகு எல்லா அணிகளும் பின்தொடர்ந்தன. 2027 விதிகளில் முன், பின் இரண்டுமே தடை. மண்ணில் 450 சிசி வண்டியைப் பலரும் இரண்டாம் கியரில் கிளப்புகிறோம். தார்த் தடத்தில் யாராவது அப்படி முயன்றதுண்டா?

திரியைத் தொடங்கியவர்:
தார்த் தடத்தில் வேண்டாம். பிடிப்பு அதிகம், டயர் சுழலாது, சுமை முழுவதும் கிளட்ச் தலையில்தான் விழும். மேலே மெக்கானிக் சொன்ன நீல பிளேட் அப்புறம் உங்கள் வண்டியிலும் இருக்கும். தடை வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். நல்ல ஸ்டார்ட்டரையும் சுமாரான ஸ்டார்ட்டரையும் அந்தக் கருவிகள் ரொம்பவே பக்கத்தில் கொண்டுவந்துவிட்டன.