லினக்ஸ் மின்ட் 22: ஒலிமானி அசைகிறது, பின்பக்கப் பச்சைத் துளையில் ஒலி இல்லை

கேள்வி: கொன்றைமரம்

வணக்கம். வீட்டில் உள்ள மேசைக்கணினியில் விண்டோஸும் லினக்ஸ் மின்ட் 22 சின்னமன் பதிப்பும் அருகருகே நிறுவப்பட்டுள்ளன. மதர்போர்டில் உள்ள ஒலிச் சில்லு ரியல்டெக் ஏஎல்சி887. தனியே ஒரு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கிறது. மானிட்டர் அதிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக இணைக்கப்பட்டுள்ளது. ஸ்பீக்கர்கள் கணினியின் பின்பக்கப் பச்சைத் துளையில் செருகப்பட்டுள்ளன. அண்மையில் கேபினெட் பழுதானதால், அருகிலுள்ள கடை ஒன்றில் பழைய கேபினெட் ஒன்றை வாங்கி அங்கேயே மாற்றித் தரச் சொன்னேன். அதன் பிறகு மின்ட்டில் ஒலியே வரவில்லை. விண்டோஸில் மட்டும் முன்போலவே வருகிறது.

முதலில் ஒலி எச்டிஎம்ஐ பக்கம் போய்க்கொண்டிருந்தது; என் மானிட்டரில் ஸ்பீக்கர் கிடையாது என்பதால், ஒலி அமைப்புகளில் மதர்போர்டின் ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்தேன். பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலை நிறுவிப் பார்த்தபோது, பாடல் ஓடும்போது அந்த அட்டைக்கு நேரே உள்ள ஒலிமானி நன்றாகவே அசைகிறது. டெர்மினலில் இயங்கும் அல்சாமிக்சர் என்ற ஒலி அளவு நிரலில் ஃப்ரண்ட் என்ற பட்டைக்குக் கீழே, ஒலி அடைக்கப்பட்டிருப்பதைக் குறிக்கும் எம்எம் என்று இருந்தது. எம் விசையை அழுத்தி அதைத் திறந்தாலும் ஒலி வரவில்லை, கணினியை மறுபடி தொடங்கினால் அது மீண்டும் எம்எம் ஆகிவிடுகிறது. ஸ்பீக்கரைக் கைப்பேசியில் செருகிப் பார்த்துவிட்டேன், அதில் குறையில்லை. மின்ட்டை மறுபடி நிறுவிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

மறுமொழி: தாழ்வாரம்

நிரல்களின் ஒலியை ஒலி அட்டைக்குக் கொண்டுசேர்க்கும் பல்ஸ்ஆடியோவை முழுமையாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள், வீட்டு அடைவில் உள்ள அதன் அமைப்புக் கோப்புகளையும் அழித்துவிடுங்கள். எனக்குப் பழைய உபுண்டுவில் இப்படித்தான் சரியானது.

மறுமொழி: மணற்கேணி

கொன்றைமரம் அவர்களுக்கு, தயவுசெய்து எதையும் நீக்க வேண்டாம், மறுபடி நிறுவவும் வேண்டாம். தாழ்வாரம் அவர்கள் சொல்வது பல்ஸ்ஆடியோ ஆட்சி செய்த காலத்துக்குப் பொருந்தியது. மின்ட் 21 வரை அதுதான் இருந்தது. 2024-இல் வந்த மின்ட் 22-இல் இயல்பாகவே பைப்வயர்தான் ஒலியைக் கையாள்கிறது. பழைய நிரல்கள் பேசுவதற்காகப் பல்ஸ்ஆடியோவின் முகம் மட்டும் அதன்மேல் வைக்கப்பட்டுள்ளது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளைப் பார்த்துத் தொகுப்புகளை நீக்கினால், அவற்றைச் சார்ந்த மற்றவையும் சேர்ந்து போய், இப்போது இருக்கும் ஒரு சிக்கல் இரண்டாகிவிடும்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஒலி ஒரு நிரலிலிருந்து பைப்வயருக்குப் போகிறது, அங்கிருந்து இயங்குதளத்தின் மையமான கர்னலில் உள்ள அல்சா என்ற ஒலிப் பகுதிக்கு, அங்கிருந்து சில்லுக்கு, கடைசியாகத் துளைக்கு. பாவுகண்ட்ரோலில் சரியான அட்டைக்கு நேரே மானி அசைகிறது என்றால், ஒலி பைப்வயர் வரை வந்து சேர்ந்துவிட்டது, தவறு அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே பாடல் ஓட்டும் நிரல், கோடெக் கோப்புகள், உலாவி ஆகியவற்றை இனிப் பார்க்க வேண்டியதில்லை. மறுபடி நிறுவினாலும் அதே சில்லு, அதே கம்பிகள்தாம். அதே மௌனம்தான் கிடைக்கும்.

எம்எம் திரும்பத் திரும்ப வருவதுதான் என் கண்ணில் பட்ட முக்கியமான தடயம். ஹெட்போன் செருகப்பட்டிருப்பதாகக் கணினி நம்பும்போது, ஹெட்போன் வழியைத் தேர்ந்தெடுத்து ஃப்ரண்ட் பட்டையை மூடுவது பைப்வயரின் இயல்பான நடத்தை. பின்பக்கப் பச்சைத் துளைக்கு ஒலி கொடுப்பது அந்த ஃப்ரண்ட் பட்டைதான். பெயரைப் பார்த்து அதைக் கேபினெட்டின் முன்பக்கத் துளை என்று எண்ணிவிட வேண்டாம். முன்னிரு ஸ்பீக்கர்கள் என்பதே அதன் பொருள்.

எனவே இரண்டு விவரங்கள் தேவை. ஒன்று, பாவுகண்ட்ரோலின் அவுட்புட் டிவைசஸ் பக்கத்தில் போர்ட் என்ற பட்டியலை விரித்தால் என்னென்ன தெரிகின்றன, அவற்றுள் எது தேர்வாகியிருக்கிறது? மற்றொன்று, டெர்மினலில் அமிக்சர் கட்டளைக்கு மதர்போர்டு அட்டையின் எண்ணையும் கன்டென்ட்ஸ் என்ற சொல்லையும் கொடுங்கள். நீளமாக வரும் வெளியீட்டில் ஜாக் என்று முடியும் வரிகளை மட்டும் பார்த்து, அவை ஆன் என்கின்றனவா ஆஃப் என்கின்றனவா என்று எழுதுங்கள். முன்பக்கத் துளைகளில் எதுவும் செருகியிருக்கக் கூடாது.

மறுமொழி: கொன்றைமரம்

விரைவான பதிலுக்கு நன்றி ஐயா. போர்ட் பட்டியலில் ஹெட்போன்ஸ், லைன் அவுட் என இரண்டு இருக்கின்றன; இரண்டுக்கும் நேரே செருகப்பட்டுள்ளது என்ற குறிப்பு காணப்படுகிறது, தேர்வாகியிருப்பது ஹெட்போன்ஸ். ஜாக் வரிகளில் ஃப்ரண்ட் ஹெட்போன் ஜாக் ஆன், லைன் அவுட் ஜாக் ஆன், மைக் ஜாக் ஆஃப். முன்பக்கம் எதுவுமே செருகவில்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். லைன் அவுட்டைத் தேர்ந்தெடுத்தால் ஃப்ரண்ட் பட்டை தானாகத் திறந்துகொள்கிறது, ஆனால் அப்போதும் ஒலி இல்லை.

மறுமொழி: மணற்கேணி

இப்போது தெளிவாகிவிட்டது. முன்பக்கத்தில் இல்லாத ஒரு ஹெட்போன் இருப்பதாகச் சில்லு நம்புகிறது. அந்த நம்பிக்கை இரண்டு இடங்களில் ஒலியை அடைக்கிறது. மேலே பைப்வயர் ஹெட்போன் போர்ட்டைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. அதை நீங்கள் கையால் மாற்றிவிட்டீர்கள். கீழே, கர்னலின் ஒலி இயக்கியும் தன் பங்குக்கு லைன் அவுட்டை, அதாவது பின்பக்கப் பச்சைத் துளையை, அணைத்துவிடுகிறது. இந்த இரண்டாவது அடைப்பு பெரும்பாலும் வெளியீட்டு முள்ளையே நிறுத்திவைப்பதால், மிக்சரில் எம்எம் என்று எதுவும் தெரியாது. எல்லாப் பட்டைகளும் திறந்திருக்க, ஒலி மட்டும் இருக்காது. பலரும் மின்ட்டைத் திட்டிக்கொண்டு வேறு லினக்ஸ் வழங்கலுக்குத் தாவுவது இந்த இடத்தில்தான்.

உடனடியாக ஒலி வர, அல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 விசையால் எச்டிஏ இன்டெல் பிசிஎச் என்ற அட்டையைத் தேர்ந்தெடுங்கள். திறந்தவுடன் தெரிவது பைப்வயரின் ஒற்றைப் பட்டை மட்டுமே என்பதால், எஃப்6 அழுத்தாமல் தேடினால் நான் சொல்வது கண்ணில் படாது. வலது அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால், கடைசிப் பக்கமாக ஆட்டோ மியூட் மோட் என்ற ஒன்று வரும்; அந்த இரண்டாவது அடைப்பைச் செய்வது இதுதான். அதில் மேல் அல்லது கீழ் அம்புக்குறியால் டிசேபிள்டு என்று மாற்றுங்கள். பிறகு பாவுகண்ட்ரோலில் லைன் அவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் செய்தாக வேண்டும். ஒலி வந்துவிட்டால், அல்சாசிடிஎல் கட்டளைக்கு ஸ்டோர் என்று கொடுத்து ரூட் (நிர்வாகி) உரிமையுடன் இயக்குங்கள். மிக்சர் நிலை சேமிக்கப்பட்டுவிடும். தேர்ந்தெடுத்த போர்ட்டைப் பைப்வயரின் துணை நிரலான வயர்பிளம்பர் தானே நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஆனால் இது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து கொடுப்பது. கேபினெட் மாற்றிய பிறகு வந்த சிக்கல் என்பதால், முன்பக்க ஆடியோ கேபிளைச் சந்தேகிக்கிறேன். பழைய கேபினெட்டுகளில் அந்தக் கேபிளின் முனையில் பெரும்பாலும் இரண்டு செருகிகள் தொங்கும்: ஒன்றில் எச்டி ஆடியோ என்றும் மற்றொன்றில் ஏசி97 என்றும் அச்சிட்டிருக்கும். இரண்டுமே மதர்போர்டில் உள்ள அதே ஒன்பது முள் இணைப்பில் பொருந்தும். எட்டாம் முள் இல்லாததால் தலைகீழாகச் செருக முடியாது, ஆனால் தவறான செருகியைத் தடுக்க வழியில்லை.

இன்டெல் 2004-இல் கொண்டுவந்த எச்டி ஆடியோ முறையில் 6, 10 ஆகிய முட்கள், துளையில் ஏதேனும் செருகப்பட்டுள்ளதா என்று உணர்வதற்கானவை. அதற்கு முந்திய ஏசி97 முறையில் அதே முட்கள் ஒலி திரும்பி வரும் வழிகள். முன்பக்கத் துளை காலியாக இருக்கும்போது 5-ஆம் முள்ளை 6-உடனும், 9-ஆம் முள்ளை 10-உடனும் அந்தத் துளையே இணைத்துவிடும். ஹெட்போன் செருகினால் அந்த இணைப்பு பிரிந்து, பின்பக்க ஸ்பீக்கர் அமைதியாகும். அக்காலத்தில் இது சில்லின் உதவியில்லாமலே நடந்தது. இந்தச் செருகியை எச்டி ஆடியோ இணைப்பில் மாட்டினால், உணரும் முள்ளுக்குத் தேவையில்லாத இணைப்பு கிடைத்து, காலித் துளையிலும் ஹெட்போன் இருப்பதாகச் சில்லு தவறாக உணர வாய்ப்புண்டு.

விண்டோஸில் ஒலி வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். ரியல்டெக்கின் விண்டோஸ் இயக்கியுடன் வரும் கட்டுப்பாட்டு நிரலில், முன்பக்கத் துளை உணர்தலை அணைத்துவைக்க ஒரு தெரிவு உண்டு. அது ஏற்கெனவே தேர்வாகியிருந்தால், இந்தத் தவறு அங்கே வெளிப்படாது. விண்டோஸில் ஒலி வருவது ஸ்பீக்கரும் சில்லும் நன்றாக இருப்பதைக் காட்டும். முன்பக்கக் கம்பி சரியாக மாட்டப்பட்டுள்ளது என்பதை அது காட்டாது.

மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே கேபினெட்டைத் திறங்கள்.

மறுமொழி: கொன்றைமரம்

ஆட்டோ மியூட்டை அணைத்து லைன் அவுட்டைத் தேர்ந்தெடுத்தவுடனே ஒலி வந்துவிட்டது. பிறகு கணினியைத் திறந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே மதர்போர்டின் அடியோரத்தில் ஏசி97 செருகி மாட்டப்பட்டிருக்கிறது. எச்டி ஆடியோ என்று எழுதியது டேப் சுற்றப்பட்டு ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்றி மாட்டிய பிறகு, ஃப்ரண்ட் ஹெட்போன் ஜாக் வரி ஆஃப் என்று காட்டுகிறது, ஹெட்போனைச் செருகினால் ஆன் ஆகிறது. ஆட்டோ மியூட்டை மறுபடி இயக்கிவிட்டேன். இப்போது ஹெட்போன் செருகும்போது ஸ்பீக்கர் நிற்கிறது, எடுத்தால் தொடர்கிறது. கடைக்காரரிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

மறுமொழி: தாழ்வாரம்

பயனுள்ள விளக்கம். கேபினெட்டில் ஏசி97 செருகி மட்டுமே இருந்தால் என்ன செய்வது?

மறுமொழி: மணற்கேணி

சில மதர்போர்டுகளின் பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில், முன்பக்க ஆடியோ வகையை எச்டி, ஏசி97 என மாற்றும் தெரிவு இருக்கும். இருந்தால் அதை மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் ஆட்டோ மியூட்டை அணைத்தே வைத்துக்கொள்ளலாம். முன்பக்கத் துளையே தேவையில்லை என்றால் அந்தக் கேபிளைக் கழற்றிவிடுவது எல்லாவற்றிலும் எளிது. எச்டிஏ ஜாக் ரீடாஸ்க் என்ற நிரலால், முன்பக்க ஹெட்போனுக்கான சில்லின் முள்ளை இணைக்கப்படாதது என்று அறிவிக்கவும் முடியும். ஆனால் கேபிளைக் கழற்றி முடிக்கக்கூடிய வேலைக்கு, கணினி தொடங்கும்போதெல்லாம் படிக்கப்படும் ஒரு கோப்பை உருவாக்குவானேன் என்பது என் எண்ணம்.

மறுமொழி: ஆலங்கிளை

இதே இழையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்குப் போர்ட் பட்டியலே வருவதில்லை, டம்மி அவுட்புட் என்று மட்டும் தெரிகிறது. டெபியன் 12 லினக்ஸ் நிறுவியிருந்த பழைய எஸ்எஸ்டியை அப்படியே ஒரு புதிய இன்டெல் மடிக்கணினியில் மாட்டியிருக்கிறேன்.

மறுமொழி: மணற்கேணி

உங்களுடையது வேறு வகை. டம்மி அவுட்புட் என்றால் பைப்வயருக்கு ஓர் ஒலி அட்டைகூடக் கிடைக்கவில்லை; மிக்சரில் தேடிப் பயனில்லை. ஒலி அட்டைகளைப் பட்டியலிட ஏபிளே கட்டளையைச் சிறிய எல் தெரிவுடன் இயக்கி, அட்டை எதுவும் இல்லை என்று வந்தால், கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டில், ஒலிச் செயலிக்கான ஃபர்ம்வேரைக் குறிக்கும் எஸ்ஓஎஃப் என்ற எழுத்துகளைத் தேடுங்கள். அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிச் செயலிக்குத் தனி ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஓடும் நிரல்) ஏற்றப்பட வேண்டும்; பழைய கணினிக்கு அது தேவைப்படாததால் உங்கள் எஸ்எஸ்டியில் இல்லாமல் இருக்கலாம். டெபியனில் அந்தத் தொகுப்பின் பெயர் ஃபர்ம்வேர்-சோஃப்-சைன்டு. டெபியன் 12-இலிருந்து இத்தகைய ஃபர்ம்வேர்கள் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் உள்ளன. உங்கள் மென்பொருள் மூலப் பட்டியலில் பழைய நான்-ஃப்ரீ மட்டும் இருந்தால் தொகுப்பு கிடைக்கவில்லை என்றே வரும். பிரிவைச் சேர்த்து, பட்டியலைப் புதுப்பித்து, தொகுப்பை நிறுவி, கணினியை மறுபடி தொடங்குங்கள். அதற்குப் பிறகும் டம்மி அவுட்புட் என்றே இருந்தால், டிமெசேஜில் எஸ்ஓஎஃப் வரும் வரிகளை எடுத்துத் தனிக் கேள்வியாக எழுதுங்கள்.