கோழிக் குடல் முதல் தடவை மட்டும் சுருங்கியது, பிறகு அசையவே இல்லை. ஏன்?

பி.பார்ம் மாணவி:
நேற்றுச் செய்முறை வகுப்பில், இறைச்சிக் கடையிலிருந்து வாங்கிவந்த கோழிச் சிறுகுடலில் 3 செ.மீ. துண்டை ஆர்கன் பாத்தில் (உறுப்பை உயிரோடு வைத்து, அது சுருங்குவதைத் தாளில் கோடாகப் பதியும் கருவி) கட்டினேன். 37 டிகிரி வெப்பம், காற்றுக் குமிழி, எல்லாம் சரியாகத்தான் இருந்தன. குடலைச் சுருக்கும் அசிட்டைல்கோலின் விட்டதும் கோடு கொஞ்சம் ஏறியது. கழுவிவிட்டு அதே அளவை மறுபடி விட்டேன், பாதிகூட ஏறவில்லை. மூன்றாம் தடவை நேர்க்கோடு. குடல் செத்துவிட்டது என்கிறார் ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்:
செத்த குடல் முதல் தடவையே ஏறாதே, அம்மா. டைரோடு கரைசலை, அதாவது குடல் மூழ்கியிருக்கும் உப்புக் கரைசலை, கலக்கியது யார்? கால்சியம் குளோரைடு போட்டார்களா? லிட்டருக்கு 0.2 கிராம்தான். மற்ற உப்புகளோடு சேர்த்துக் கொட்டினால் பைகார்பனேட்டுடன் கூடிக் கரைசல் பால்போல் கலங்கிவிடும். அதனால் தனியாகக் கரைத்துக் கடைசியில் ஊற்றுவோம். கடைசிக்கு ஒதுக்கியதுதானே மறந்துபோகும்! நானே ஒருமுறை மறந்து, ஒரு வகுப்பையே அரைநாள் அலைக்கழித்திருக்கிறேன்.

மருந்தியல் ஆய்வாளர்:
ஐயா சொல்வது சரியாக இருக்கும். அசிட்டைல்கோலின் தசைச் செல்லின் மேலுள்ள எம்3 என்ற ஏற்பியில் அமர்ந்ததும், ஐபி3 என்ற தூது மூலக்கூறு செல்லுக்குள் உருவாகி, தசைச் செல்லுக்குள் சேமித்த கால்சியத்தைத் திறந்துவிடும். உங்கள் முதல் கோடு அந்தச் சேமிப்பின் செலவு. வெளியே கால்சியம் இல்லாததால் சேமிப்பு மீண்டும் நிரம்பவில்லை. பொட்டாசியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். அது செல் சவ்வின் கால்சியம் வாயில்களைத்தான் திறக்கும். வெளியே கால்சியம் இல்லையென்றால் கோடு ஏறாது. சரியான கரைசலில் ஏறும், அசிட்டைல்கோலின் ஏற்பியை அடைக்கும் அட்ரோபின் அதை அவ்வளவாகத் தடுக்காது, கால்சியம் வாயில்களை அடைக்கும் நிஃபெடிபின் அடக்கிவிடும். 1883இல் ஆங்கிலேய மருத்துவர் சிட்னி ரிங்கரும் தவளை இதயத்தில் இதே பாடத்தைத்தான் கற்றார். கால்சியம் இருந்த குழாய்நீரில் கலந்த கரைசலில் துடித்த இதயம், காய்ச்சி வடித்த நீரில் தளர்ந்துபோனது.

இன்னொருவர்:
என் அம்மா ரத்த அழுத்தத்துக்கு வெராபமில் எடுக்கிறார். ஓயாத மலச்சிக்கல். அதுவும் இந்த வாயில் விவகாரம்தானா?

மருந்தியல் ஆய்வாளர்:
ஆம், வெராபமில் கால்சியம் வாயில்களை அடைக்கும் மருந்து, குடல் தசையிலும் அதே வாயில்கள் இருக்கின்றன. ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பி.பார்ம் மாணவி:
இன்று புதுத் துண்டு கட்டி, வேண்டுமென்றே கால்சியம் இல்லாமல் தொடங்கினேன். நேற்றைய அதே மூன்று கோடுகள். பிறகு சரியான கரைசலால் கழுவிப் பத்து நிமிடம் காத்திருந்து அசிட்டைல்கோலின் விட்டேன். நான்காவது கோடு முதல் கோட்டையும் தாண்டி ஏறியது. ஆசிரியர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கரைசல் கலக்கியது யார் என்று கேட்டார். நான்தான்.