மறைந்தவர் எங்கே ஒளிந்திருக்கிறார்?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
எங்கள் பள்ளியில் என்னுடன் பணியாற்றும் மலையாள ஆசிரியர் தமிழ் படித்து வருகிறார். இரங்கல் சுவரொட்டியில் 'மறைந்த தலைமையாசிரியர்' என்றிருந்ததைப் பார்த்து, 'எங்கே ஒளிந்திருக்கிறார்?' என்று கேட்டார். சிரித்தேனே தவிர, எனக்கு விளக்கத் தெரியவில்லை. மறைதல், ஒளிதல், காணாமற்போதல் மூன்றிலும் கண்ணில் படாமை உண்டு. வேறுபாடு எதில் உள்ளது?

மறுமொழி 1 (பாலக்காடு):
ஒளிதல், வேண்டுமென்றே செய்வது. மறைதல் தானாகவும் நிகழும். அதனால்தான் சூரியனும் மறைகிறது, மனிதரும் மறைகிறார். 'காலயவனிகைக்குள்ளில் மறஞ்ஞு' (காலத் திரைக்குள் மறைந்தார்) என்று அவருடைய மொழியிலும் உண்டே, நினைவூட்டுங்கள். காணாமற்போதலோ பார்ப்பவரைச் சார்ந்தது. 'பசுவைக் காணோம்' என்னும்போது வேலி தாண்டியது பசுவாக இருந்தாலும், வினைமுற்று 'நாம் காண்கிலோம்' என்று நம்மைப் பற்றியே பேசுகிறது. 'காணோம்' என்பதில் எதிர்மறை காட்டும் ஆகாரம் புணர்ந்து கெட்டது, அதாவது சேரும்போது மறைந்தது என்பார்கள் இலக்கணிகள். ஆக, இல்லை என்று சொல்லும் உறுப்பையே அச்சொல்லில் காணோம்!

மறுமொழி 2 (வாளையாறு):
சட்டம் கண்ணை நம்புவதில்லை. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, ஒருவர் உயிருடன் இருந்தால் இயல்பாக அவரைப் பற்றி அறிந்திருக்கக் கூடியவர்கள் 7 ஆண்டுகள் எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிருடன் இருக்கிறார் என்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. காணாமை அன்று, கேளாமையே அங்கே அளவுகோல்.

மறுமொழி 3 (செங்கோட்டை):
நீங்கள் மூவரும் விட்டுவிட்ட ஒரு வகை உண்டு: கண்ணில் படக் கூடாது என்று பிறரால் விதிக்கப்பட்டவர்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த எங்கள் ஊருக்கு அடுத்த திருநெல்வேலி மாவட்டத்தில், தீண்டத்தகாதவர் எனப்பட்டோருக்கே துணி வெளுத்த புரத வண்ணார்கள், பகலில் எவர் கண்ணிலும் படக் கூடாது என்பதால் இரவில்தான் வேலை செய்தார்கள் என்று 1932 டிசம்பரில் பத்திரிகைச் செய்தி வந்தது. அம்பேத்கரும் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார். மலைக்கு அப்பால் தூரமே தீட்டாயிற்று: தமிழில் தீண்டுதல் என்றால் தொடுதல், மலையாளத்திலோ 'தீண்டல்' என்பது குறித்த தொலைவுக்குள் வந்தாலே பற்றும் தீட்டு. இவர்கள் மறைந்தவர்களும் அல்லர், ஒளிந்தவர்களும் அல்லர். அவர்கள் வெளுத்த துணியைப் பிறர் பகலில் உடுத்தினார்கள்.