ஞானப்பல் எடுத்தவங்க அனுபவம் சொல்லுங்க, முதல்ல என்னோடது

கீழ்த்தாடையில வலது பக்கம் ஞானப்பல் எடுத்தாச்சு. எடுக்கறதுக்கு முன்னாடி யாரைக் கேட்டாலும் ஒண்ணு "அஞ்சு நிமிஷ வேலை"ன்னாங்க, இல்லன்னா "செத்துப் பொழச்சேன்"னாங்க, நடுவுல யாருமே இல்ல. அதான் எழுதறேன்.

எனக்கு பல்லு பாதி வெளிய, பாதி ஈறுக்குள்ள. மேல மூடியிருக்கற சதைக்கு அடியில சாப்பாட்டுத் துணுக்கு போய் மாட்டி, சீழ் வச்சு, வாயே திறக்க முடியாம போயிரும். மாத்திரை போட்டா அடங்கும், கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப ஆரம்பிக்கும். டாக்டரம்மா ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க, மெஷின் தலையைச் சுத்தி வரும், மொத்த பல்லும் ஒரே படத்துல விழுந்துரும். பாத்தா பல்லு சாஞ்சு முன்னாடி இருக்கற பல்லை முட்டிகிட்டு நிக்குது. வேருக்குக் கீழ மங்கலா ரெண்டு கோடு ஓடுது, அதைக் காமிச்சு "உதட்டுக்குப் போற நரம்பு இதுக்குள்ளதான் இருக்கு, உங்க வேர் அதுல இருந்து தள்ளிதான் இருக்கு"ன்னாங்க. இதை எல்லாருமே கேட்டு வச்சுக்கங்க. வேர் நரம்பை ஒட்டி இருந்தா சில பேருக்கு அப்புறம் உதடு, தாடை மரத்துப் போக வாய்ப்பு இருக்கு, முன்னாடியே சிடி ஸ்கேன் எடுத்துப் பாப்பாங்களாம்.

ஊசி சுருக்குன்னு இருந்துச்சு, அவ்ளோதான். கொஞ்ச நேரத்துல கீழ் உதடு பாதி, நாக்கு பாதி காணாமப் போச்சு. உதடு பூரா வீங்கின மாதிரி தோணுது, கண்ணாடியில பாத்தா ஒண்ணுமே இல்ல! அப்புறம் ஈறைக் கீறி, டிரில் வச்சு பல்லை ரெண்டா வெட்டி எடுத்தாங்க. வலி சுத்தமா தெரியல ஆனா அழுத்தம் நல்லாவே தெரியும், பல்லு டக்குன்னு உடையற சத்தம் மண்டைக்குள்ளயே கேக்கும், எனக்கு அதுதான் ஒரு மாதிரி ஆயிருச்சு. நடுவுல வலிச்சா கையைத் தூக்குங்க, மருந்து இன்னும் போடுவாங்க, பல்லைக் கடிச்சுகிட்டு பொறுத்துக்கறதுக்கு அங்க அவார்டு எதுவும் தர்றதில்ல (கடிக்கவும் முடியாது). வாயைத் திறந்தே வச்சு தாடை வலிக்குதுன்னா ரப்பர் கட்டை கேளுங்க, கடிச்சுகிட்டு ரெஸ்ட்டா இருக்கலாம்.

உண்மையான கஷ்டம் வீட்டுக்கு வந்தப்புறம்தான். முதல் 24 மணி நேரம் துப்பக்கூடாது, கொப்பளிக்கக்கூடாது, ஸ்ட்ரா கூடாது, சிகரெட் கூடவே கூடாது. குழியில உறையற ரத்தம்தான் காயத்துக்கு மூடி, அது பிச்சுகிட்டு வந்தா வம்பு. அன்னைக்கு கன்னத்துல ஐஸ், மறுநாள்ல இருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணி. வீக்கம் ரெண்டு மூணு நாள் ஏறிட்டுதான் இறங்கும், ரெண்டாம் நாள் கன்னத்தைப் பாத்து பயந்துராதீங்க.

---

எனக்கு நீங்க சொன்ன அந்த வம்பு வந்துச்சு. உறைஞ்ச ரத்தம் கழண்டு குழி காலியாயிரும், ட்ரை சாக்கெட்ம்பாங்க. சொன்னதெல்லாம் கேட்டு நடந்தும் வந்துச்சு, கீழ்ப்பல்லுக்கு அப்படி வர வாய்ப்பு ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னார். வலி குறைஞ்சுகிட்டே வந்து, சரி முடிஞ்சுதுன்னு நினைக்கறப்ப திடீர்னு காதுக்குள்ள இழுத்து வலிக்க ஆரம்பிச்சுது, வாய்ல ஒரு கெட்ட வாடை வேற, வலி மாத்திரை எதுவும் கேக்கல. போனா குழியைக் கழுவி கிராம்பு எண்ணெய் வாசம் வர்ற மருந்தை வச்சு அடைச்சாங்க. அங்க உக்காந்திருக்கும்போதே வலி விட்டுருச்சுங்க, நம்பவே முடியல. அதனால எடுத்து சில நாள் ஆனப்புறம் வலி கூடுச்சுன்னா பொறுத்துப் பாக்காம உடனே போயிருங்க.

---

எனக்கு மேல்பல்லு. எடுத்தாச்சான்னு நானே கேட்டேன், அவ்ளோ ஈஸி. மேல்தாடை எலும்பு கொஞ்சம் மிருதுவாம். ஆனா வேர் சைனஸை (மூக்குக்குப் பக்கத்துல எலும்புக்குள்ள இருக்கற காத்து அறை) ஒட்டி இருந்ததால மூக்கைச் சிந்தாதீங்க, தும்மல் வந்தா வாயைத் திறந்துகிட்டு தும்முங்கன்னு சொல்லி அனுப்பினாங்க. ஜலதோஷம் புடிச்ச நேரத்துல இதைக் கடைப்பிடிக்கறது இருக்கே, அப்பப்பா.

---

வலியே இல்லாதவங்க சும்மா இருக்கற பல்லை எதுக்குங்க எடுக்கணும்? இங்கிலாந்துல 2000லயே நோய் இல்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்க வேணாம்னு நைஸ்ங்கற (NICE) அவங்க அரசு மருத்துவ வழிகாட்டி அமைப்பு சொல்லிருச்சு. எனக்கு நாலும் நேரா முளைச்சு ஒழுங்கா இருக்கு, பிரஷ் போய் சேருது, செக்கப்ல பாத்துக்கறாங்க, அவ்ளோதான்.

---

நாளைக்கு எனக்கு, கை காலெல்லாம் நடுங்குது. வெறும் வயித்தோட போகணுமா?

---

மரத்துப் போற ஊசி மட்டும்னா நல்லா சாப்பிட்டே போங்க, அப்புறம் ரொம்ப நேரத்துக்கு மெல்ல முடியாது. முழு மயக்கம்னா அவங்க சொல்ற மாதிரி பட்டினி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, சுகர், பிரஷர் எது இருந்தாலும் இன்னைக்கே போன் பண்ணி சொல்லிருங்க, நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க. கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, திரும்பி வர்றப்ப நீங்க பேசறது யாருக்கும் புரியாது.