கோலாலம்பூரை விவேக நகரம் என்று யார் அளந்து சொல்வது?

செந்தூல்வாசி:
2021 முதல் 2025 வரைக்குமான கோலாலம்பூர் விவேக நகர (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தைப் பற்றி நம்மவர்கள் பேசத் தொடங்கினாலே கேலிதான் மிஞ்சுகிறது. குறை சொல்லுமுன் உங்கள் அளவுகோல் எது என்பதைச் சொல்லிவிடுங்கள். 2007-இல் திறக்கப்பட்ட ஸ்மார்ட் சுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள அதன் ஒரு பகுதியில் மற்ற நாள்களில் வாகனங்கள் ஓடுகின்றன; பெருமழை வந்தால் வாகனங்களை வெளியேற்றிவிட்டு முழுச் சுரங்கத்தையும் வெள்ளநீருக்குத் திறந்துவிடுகிறார்கள். வளரும் நாடு ஒன்று இதைச் செய்து காட்டியது சிறிய செய்தியா? சுவிட்சர்லாந்தின் ஐ.எம்.டி. மேலாண்மைக் கல்லூரி வெளியிடும் விவேக நகரக் குறியீடும் நகரங்களை மனித மேம்பாட்டு நிலைப்படி பிரித்துத்தான் மதிப்பிடுகிறது. ஆகவே, சூரிக் நகருக்குப் பக்கத்தில் நிறுத்தி நம்மைச் சிறுமைப்படுத்துகிறார்கள் என்ற புகாரும் எடுபடாது.

பிறை வாசகி:
சுரங்கத்தைப் பற்றி எனக்கு மறுப்பில்லை, ஐயா. கட்டிய நோக்கம் நிறைவேறுகிறதா என்பது ஒரு மழையிலேயே தெரிந்துவிடும். ஆனால் நீங்கள் நம்பும் குறியீடு, நகரத்துக்கு ஏறத்தாழ 120 பேரிடம் கேட்டறிந்த கருத்துகளின் மேல் நிற்கிறது. மின்தூக்கி பழுதான மக்கள் வீடமைப்பு அடுக்குமாடியில் மூச்சிரைக்கப் படியேறும் முதியவர் அந்த 120 பேரில் இருப்பாரா? விவேக நகரங்களுக்கான அனைத்துலகத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 37122-இலோ, நகரப் பரப்பில் எத்தனை விழுக்காடு கண்காணிப்புக் கேமராக்களின் கீழ் வருகிறது என்பதே ஒரு குறியீடு. பினாங்கில் 2019 ஜனவரியில் முகமறியும் கேமராக்களைத் தொடக்கிவைத்தார்கள்; அட்டவணைப்படி அது முன்னேற்றம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்துவதில்லை. அந்தப் படங்கள் யார் கையில் எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்க எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது வேறொன்று. 1965-இல் நிறுத்திவைக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. பினாங்கு 2012-இல் அதற்கென்று சட்டம் இயற்றியும், 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கோலாலம்பூர் மேயரான டத்தோ பண்டாரும் நியமிக்கப்படுபவர்தாம். கருவியை வாங்குகிறவரே அது பயன்பட்டதா என்பதற்கும் மதிப்பெண் போட்டுக்கொள்கிறார்.

செந்தூல்வாசி:
தேர்தல் வந்தால் திட்டம் தேறிவிடும் என்பதை நான் நம்பவில்லை. தேர்தலுக்குப் பஞ்சமில்லாத இந்தியாவில் 2015 ஜூனில் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டம் 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. அவற்றில் தமிழ்நாட்டின் பங்கு மட்டும் 11. சென்னை பாண்டி பசாரில் 2019-இல் நடைபாதை வளாகத்தைத் திறந்தார்கள். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. மக்கள் வாக்களித்தார்கள் என்பதற்காக வடிகால் தானாகச் சரியாகிவிடவில்லை.

பிறை வாசகி:
எனக்கு வேண்டிய சான்றை நீங்களே எடுத்துத் தந்துவிட்டீர்கள். 2016 முதல் 2022 தொடக்கம் வரை சென்னை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, அதிகாரிகள்தாம் நிர்வகித்தார்கள். போதாக்குறைக்கு, அத்திட்டத்தின் விதிப்படி ஒவ்வொரு நகரிலும் தனி நிறுவனம் ஒன்றை அமைத்து அதன் வழியாகவே பணிகளை நடத்தினார்கள். நீங்கள் சொல்லும் நடைபாதை திறந்தபோதும் சரி, தண்ணீர் தேங்கியபோதும் சரி, அந்த வட்டாரத்து மக்கள் போய்க் கதவைத் தட்ட ஒரு மன்ற உறுப்பினர் இல்லை.

டெங்கில் மூத்தவர்:
இருவரும் கருவிகளையும் தேர்தலையும் பேசுகிறீர்கள், நிலத்தை மறந்துவிட்டீர்கள். நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா எழுவதற்காகப் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. தரைவீடு கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. விவேக நகரத்தை மதிப்பிடுகிறவர்கள், அந்த மண்ணில் முன்பு வாழ்ந்தவர்களின் இன்றைய நிலையையும் கணக்கில் சேர்ப்பார்களா?

செந்தூல்வாசி:
அந்த அநியாயத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் அது நில இழப்பீட்டைச் சேர்ந்தது. அதையும் போக்குவரத்து விளக்கையும் ஒரே தராசில் வைத்தால் எதையுமே அளக்க முடியாமல் போகும். அளக்கக்கூடிய ஒன்றைக் கேட்போம். 2018-இல் கோலாலம்பூருக்கு, போக்குவரத்தைக் கணினி வழி நெறிப்படுத்தும் அலிபாபா நிறுவனத்தின் ‘சிட்டி பிரைன்’ முறையை அறிவித்தபோது 281 சமிக்ஞை விளக்குச் சந்திப்புகளில் தொடங்குவதாகச் சொன்னார்கள். அச்சந்திப்புகளில் அன்று காத்திருந்த நேரம் எவ்வளவு, இன்று எவ்வளவு என்பதைத் தலைமைக் கணக்காய்வாளர் ஆராய்ந்து வெளியிடட்டும். அதற்குத் தேர்தல் தேவையில்லை.

பிறை வாசகி:
கணக்காய்வாளர் வருவது பணம் செலவான பிறகு. அந்த 281 சந்திப்புகளைத் தேர்ந்தெடுத்தபோதே, நடந்து செல்பவர் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்ல யாருக்கு அதிகாரம் இருந்தது என்பதுதான் என் கேள்வி. கார்கள் விரைந்து போவதை மட்டும் அளந்தால், பழைய புடுராயா பேருந்து நிலையத்துக்கு எதிரே மூட்டையோடு நிற்கும் பெண்ணுக்குப் பச்சை விளக்கு இன்னும் தாமதமாகத்தான் எரியும். உங்கள் அறிக்கையில் அது வெற்றியாகவே பதிவாகும்.